நேர்காணலுக்குப் பிறகு பதில் இல்லை: நிறுவனத்தை எத்தனை முறை தொடர்புகொள்ளலாம்?

புதுநடை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். கணக்குப் பிரிவில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். பழைய நிறுவனம் அந்தப் பிரிவையே வேறு ஊருக்கு மாற்றிவிட்டதால் நான்கு மாதங்களாக வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். நடுத்தர அளவுள்ள ஒரு நிறுவனத்தில் இரண்டு சுற்று நேர்காணல் முடிந்தது. இரண்டாம் சுற்றில் பிரிவுத் தலைவர் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேசினார். மாத இறுதிக் கணக்கை முடிக்கவே தங்களுக்குப் பத்து நாள் இழுத்துவிடுகிறது என்று மனம் விட்டுச் சொன்னார். எழுந்து கைகுலுக்கும்போது "விரைவில் சொல்கிறோம்" என்றார். அந்த "விரைவில்" இன்றோடு 23 நாள் ஆகிறது.

மறுநாளே நன்றி தெரிவித்து மின்னஞ்சல் அனுப்பினேன். எட்டாம் நாள் நிலவரம் கேட்டு எழுதினேன். பதினைந்தாம் நாள் தொலைபேசியில் அழைத்தேன். எடுத்தவர் பெயரைக் குறித்துக்கொண்டு, செய்தியைச் சொல்லிவிடுவதாகக் கூறினார். அதன்பின் ஒரு தகவலும் இல்லை. "அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், நேரில் போய்க் கேள்" என்கிறார் அப்பா. மேலே விழுந்து கேட்டால் இருக்கிற மதிப்பும் போய்விடும் என்கிறார் மனைவி. இருவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகத் தோன்றுவதால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. கைப்பேசி ஒலித்தாலே நெஞ்சு படபடக்கிறது. எத்தனை முறை கேட்கலாம், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஆட்சேர்ப்பு மேசை

வணக்கம் நண்பரே. பத்தாண்டுகளுக்கு மேலாக மனிதவளத் துறையில் ஆட்சேர்ப்பைக் கவனித்து வருகிறேன். நீங்கள் செய்தவற்றில் தவறு என்று எதுவும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த 23 நாட்களில் நிறுவனத்துக்குள் என்ன நடந்துகொண்டிருக்கக்கூடும் என்று தெரிந்தால், அடுத்த மின்னஞ்சலை எப்போது அனுப்புவது என்பது உங்களுக்கே விளங்கும்.

இறுதிச் சுற்றுக்குப் பிறகு பெரும்பாலும் இரண்டு பேர், சில சமயம் மூன்று பேர், தேர்வுக்குத் தகுதியானவர்களாக நிற்பார்கள். முதலாமவருக்குப் பணி நியமனக் கடிதம் தருவதற்கு முன்பு சம்பளத்துக்கு நிதிப் பிரிவின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் தர வேண்டியவர் விடுமுறையில் இருந்தால் அதிலேயே ஒரு வாரம் போய்விடும். கடிதம் கைக்குப் போன பிறகு அவர் யோசிக்க நாள் கேட்பார், சம்பளத்தைக் கொஞ்சம் உயர்த்தக் கேட்பார், தன் பழைய நிறுவனத்தில் நோட்டீஸ் காலத்தை எவ்வளவு குறைக்க முடியும் என்று விசாரிப்பார். அவர் கடைசி நேரத்தில் மறுத்துவிட்டால் இரண்டாமவர் தேவைப்படுவார் என்பதால் அவருக்கு "இல்லை" என்று எழுத எங்களுக்குத் தயக்கம். "ஆம்" என்று எழுதவும் வழியில்லை. ஆகவே ஒன்றும் எழுதாமல் விட்டுவிடுகிறோம். நானே இப்படிப் பலரைக் காக்க வைத்திருக்கிறேன். அது சரியான நடத்தை அன்று என்று தெரிந்தும் செய்திருக்கிறேன்.

இதைத் தவிர, பதவிக்கான நிதியே நிறுத்தி வைக்கப்படுவது, உள்ளே இருக்கும் ஒருவரை அந்த இடத்துக்கு மாற்றலாமா என்று பேச்சு எழுவது, பிரிவுத் தலைவரே மாறிவிடுவது என்று வேறு காரணங்களும் உண்டு. இணையதளத்தில் உங்கள் விண்ணப்பத்துக்கு நேராக "பரிசீலனையில்" என்று காட்டுவதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். யாராவது உள்ளே போய் மாற்றினால்தான் அது மாறும். பதவி நிரம்பிப் பல வாரங்கள் ஆன பிறகும் அப்படியே கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இவற்றில் எதையும் உங்கள் மின்னஞ்சலால் விரைவுபடுத்த முடியாது. ஆனால் முடிவெடுக்கிறவரின் நினைவில் உங்களை நிறுத்த முடியும். விடுபட்டுப் போன ஒரு பதிலை எழுத வைக்கவும் முடியும். அதற்கு, நேர்காணலுக்குப் பின் நன்றிக் கடிதத்தைச் சேர்க்காமல் இரண்டு முறை, மிஞ்சினால் மூன்று முறை கேட்டால் போதும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஐந்து முதல் பத்து வேலை நாள் இடைவெளி இருக்கட்டும். அவர்களே ஒரு தேதி சொல்லியிருந்தால், அந்தத் தேதி கடந்து இரண்டு வேலை நாள் பொறுத்துக் கேட்பது முழுக்க நியாயமானது; அதில் யாரும் குறை காண மாட்டார்கள்.

பட்டறைக்காரர்

மேலே எழுதியவர் சொன்னது பெரிய நிறுவனங்களுக்குப் பொருந்தும். நான் பதினெட்டுப் பேர் வேலை செய்யும் ஒரு லேத் பட்டறையை நடத்துகிறேன். எங்களிடம் மனிதவளத் துறை என்று எதுவும் கிடையாது. வருகிற விண்ணப்பங்கள் மேசை இழுப்பறைக்குள் போகும். அவசர ஆர்டர் வந்துவிட்டால் அதைத் திறக்கவே இரண்டு வாரம் ஆகிவிடும். இப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் மின்னஞ்சல் அனுப்பிவிட்டுப் பத்து வேலை நாள் காத்திருந்தால், அந்த இடத்துக்கு வேறொருவர் வந்துவிடுவார்.

இப்போது எங்களிடம் சிறப்பாக வேலை செய்கிற ஒருவர் மூன்று முறை நேரில் வந்தவர். முதல் முறை ஆள் தேவையா என்று கேட்டார். இரண்டாம் முறை நான் கேட்டிருந்த பயிற்சிச் சான்றிதழைக் கொண்டுவந்து கொடுத்தார். மூன்றாம் முறை வந்தபோது ஒரு இயந்திரம் பழுதாகி நாங்கள் பரபரப்பாக இருந்தோம். அவர் உள்ளே நுழையவில்லை; வாசலோரமாக ஒதுங்கி நின்று, ஷிப்ட் மாறி நான் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் பேசினார். வேலையைக் கேட்டு வாங்கவும் தனக்குத் தெரியும், பிறர் வேலை கெடாமல் காத்திருக்கவும் தெரியும் என்று அவர் அன்றே காட்டிவிட்டார். மறுநாள் வரச் சொன்னேன். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது எங்கள் மாதிரி சிறிய இடங்களுக்கு இன்றும் பொருந்தும். ஆனால் அவர் மூன்று முறையும் ஏதோ ஒரு காரணத்தோடு வந்தார் என்பதை மறக்கக் கூடாது. தினமும் அழைத்து "என்ன ஆயிற்று" என்று மட்டும் கேட்ட இன்னொருவரின் எண்ணை நான் எடுப்பதையே விட்டுவிட்டேன்.

மழைத்துளி

அந்த இன்னொருவரின் இடத்தில் நான் இருந்திருக்கிறேன். வடிவமைப்புத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு நிறுவனம். நேர்காணல் நன்றாகவே முடிந்தது. அடுத்த இரண்டு வாரங்களில் நான் அனுப்பிய செய்திகளைப் பின்னாளில் எண்ணிப் பார்த்தேன்; மின்னஞ்சல், வாட்ஸ்அப், லிங்க்டுஇன் எல்லாம் சேர்த்துப் பதினொன்று. நேர்காணல் நடத்தியவர் பதில் தராததால் அவருடைய மேலாளருக்கு எழுதினேன். அவரும் தராததால் அதே பிரிவில் பணியாற்றிய, முன்பின் தெரியாத ஒருவருக்கு இரவு பத்தரை மணிக்கு எழுதினேன். வாய்ப்பு போயிற்று.

சில மாதங்களுக்குப் பிறகு ஒரு பொது நிகழ்ச்சியில் அந்த நேர்காணலாளரைச் சந்தித்தபோது, என் திறமையில் தங்களுக்கு ஐயம் இருக்கவில்லை என்றும், வாடிக்கையாளர் பதில் தரத் தாமதித்தால் அவரிடமும் நான் இப்படித்தான் நடந்துகொள்வேனோ என்று தங்கள் குழுவில் ஒருவர் கேட்டதற்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை என்றும் கனிவாகவே சொன்னார். கேட்டபோது வலித்தது. ஆனால் அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன்.

எனக்குத் தகவல் தேவைப்பட்டதால் நான் பதினொரு முறை எழுதவில்லை. அனுப்பிய அடுத்த அரை மணி நேரம் மனம் சற்று அமைதியாக இருக்கும் என்பதற்காக எழுதினேன். புதுநடை, உங்கள் நெஞ்சு படபடக்கிறது என்று படித்தவுடன் இதைச் சொல்லத் தோன்றியது. படபடப்போடு எழுதியதை அன்றே அனுப்பாதீர்கள். வரைவில் சேமித்து, மறுநாள் காலையில் படித்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

ஏட்டுச்சுவடி

விடாமுயற்சி என்ற சொல்லை இந்த இழையில் எல்லோரும் ஒரே நிறுவனத்தை நோக்கித் திருப்பியிருக்கிறோம். ஆய்வுகள் காட்டும் விடாமுயற்சி சற்று வேறுவிதமானது.

1975-ஆம் ஆண்டு அமெரிக்க உளவியலாளர் நேதன் அஸ்ரின் தம் சகாக்களுடன் சேர்ந்து "வேலை தேடுவோர் மன்றம்" என்ற முறையைச் சோதித்து வெளியிட்டார். வேலை தேடுகிறவர்கள் குழுவாகக் கூடினார்கள். இருவர் இருவராக ஒருவருக்கொருவர் துணையாக இருந்தார்கள். உறவினர், நண்பர், பழைய சக ஊழியர் என்று எல்லோரிடமும் வேலை விவரம் கேட்டார்கள். தொலைபேசியில் பேசுவதைப் பயிற்சி செய்தார்கள். வேலை தேடுவதையே முழுநேர வேலையாகக் கருதி நடத்தியது அம்முறை. இரண்டு மாதத்தில் மன்றத்தில் இருந்தவர்களில் 90 விழுக்காட்டினருக்கு வேலை கிடைத்தது. தாமாகத் தேடியவர்களில் 55 விழுக்காட்டினருக்குத்தான் கிடைத்தது. விடாமுயற்சி அங்கே பல திசைகளில் பரவியிருந்தது. ஒரு கதவு திறக்கும் வரை அதையே தட்டிக்கொண்டு நிற்பது அந்த முறையில் இல்லை.

இன்னொன்று, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1980-களில் உருவான வேலை தேடல் பயிற்சி. அதில் மறுப்பையும் மௌனத்தையும் முன்கூட்டியே எதிர்பார்த்து, அப்படி நேர்ந்தால் அடுத்து என்ன செய்வது என்று குழுவாகத் திட்டமிடுவது ஒரு பகுதி. பயிற்சி பெற்றவர்கள் விரைவாக வேலைக்குத் திரும்பியதோடு மனச்சோர்விலிருந்தும் ஓரளவு காக்கப்பட்டார்கள். மழைத்துளி எழுதியதைப் படித்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. நிறுவனம் பதில் தராவிட்டால் என்ன செய்வது என்பதை அமைதியாக இருக்கும் நாளிலேயே தீர்மானித்து வைத்திருந்தால், இரவு பத்தரை மணிக்கு அதைத் தீர்மானிக்க வேண்டியிராது.

மேலும், பதில் தராமல் விடுவது வேலை தேடுகிறவரின் குற்றம் அன்று என்பதைச் சட்டங்களும் இப்போது ஏற்கத் தொடங்கியுள்ளன. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணியாற்றும் நிறுவனங்கள், பொதுவில் விளம்பரம் செய்த பதவிக்கு நேர்காணல் நடத்தினால், 45 நாட்களுக்குள் முடிவு எடுக்கப்பட்டதா என்பதை நேர்காணலுக்கு வந்தவருக்குத் தெரிவிக்க வேண்டும். எல்லா இடங்களிலும் இப்படி ஒரு விதி வர வேண்டும் என்பது என் விருப்பம்.

வழிப்போக்கன்

ஒரு ஐயம். நேர்காணல் வரைக்கும் போனவர்களைப் பற்றியே பேசுகிறோம். விண்ணப்பித்து எந்த அழைப்பும் வராதவர்கள் என்ன செய்வது? கன்சல்டன்சி மூலம் போனால் யாரிடம் கேட்பது?

ஆட்சேர்ப்பு மேசை

விண்ணப்பம் மட்டும் அனுப்பியவர் ஒரு வாரம் முதல் பத்து நாள் கழித்து ஒரே ஒரு முறை எழுதலாம். விளம்பரத்திலேயே தொடர்புகொள்ள வேண்டாம் என்று போட்டிருந்தால் அதுவும் கூடாது. அதற்கு மேல் அந்த நிறுவனத்தில் தெரிந்தவர் யாராவது இருக்கிறாரா என்று பார்ப்பது பயனுள்ளது. கன்சல்டன்சி என்றால் நிறுவனத்துக்கு நேராக எழுதாதீர்கள். இடையில் இருப்பவருக்கு அது சங்கடம். அவரிடம் வாரம் ஒரு முறை கேட்கலாம். நிறுவனம்தான் அவருக்குக் கட்டணம் தருகிறது என்பதால், உங்களைவிட நிறுவனத்தின் அவசரமே அவருக்கு முன்னால் நிற்கும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. வேறு நிறுவனத்தின் பணி நியமனக் கடிதம் உங்கள் கையில் இருந்து, அதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிய கடைசி நாளும் தெரிந்திருந்தால், இடைவெளிக் கணக்கு எதையும் பார்க்க வேண்டாம். அன்றே அழைத்துச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்தில் உறங்கிக் கிடக்கும் கோப்பை மேசைக்கு மேலே கொண்டுவர அதைவிட வலுவான காரணம் இல்லை. ஆனால் அது உண்மையாக இருக்க வேண்டும். இல்லாத கடிதத்தைச் சொல்லி அவசரப்படுத்தினால், "அப்படியானால் அங்கேயே சேர்ந்துவிடுங்கள், வாழ்த்துகள்" என்ற பதில் வந்துவிடும். வந்ததையும் பார்த்திருக்கிறேன்.

புதுநடை

எல்லோருக்கும் நன்றி. மழைத்துளி சொன்னபடி நேற்று இரவு எழுதியதை அனுப்பாமல் வைத்திருந்தேன். இன்று படித்துப் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. திருத்தித் தருவீர்கள் என்று நம்பி அப்படியே இடுகிறேன்.

"மதிப்பிற்குரிய அம்மா, தங்கள் நிறுவனத்தில் நேர்காணல் முடிந்து 24 நாட்கள் ஆகின்றன. ஏற்கெனவே இரண்டு முறை தொடர்புகொண்டும் பதில் வராதது எனக்கு மிகுந்த வருத்தம் அளிக்கிறது. இந்த வேலை எனக்கு எவ்வளவு அவசியம் என்பதைத் தாங்கள் புரிந்துகொண்டு, என் நிலையைக் கருத்தில் கொண்டு, தயவுசெய்து விரைவில் நல்ல முடிவைத் தெரிவிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

ஆட்சேர்ப்பு மேசை

உங்கள் வருத்தம் முற்றிலும் நியாயமானது. ஆனால் இதைப் படிக்கிறவருக்கு முதலில் குற்றவுணர்வு வரும். குற்றவுணர்வு வந்தவர் அந்த மின்னஞ்சலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவிடுவார். அவர் ஒரே வரியில் பதில் எழுதிவிட முடிகிற மாதிரி கேள்வி இருக்க வேண்டும். பிரிவுத் தலைவர் மாத இறுதிக் கணக்கைப் பற்றிப் பேசினார் என்று எழுதியிருந்தீர்களே, அதை ஏன் இதில் சேர்க்கவில்லை? உங்களிடம் அதற்குச் சொல்ல ஏதாவது இருக்கிறதா?

புதுநடை

இருக்கிறது. பழைய நிறுவனத்தில் வங்கிச் சரிகட்டும் பட்டியலை (நம் கணக்கும் வங்கியின் கணக்கும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்கும் பட்டியல்) மாதக் கடைசிக்கு ஒத்திப்போடாமல் வாரந்தோறும் போடத் தொடங்கியபோது, கணக்கு முடிக்கும் நாட்கள் ஒன்பதிலிருந்து ஐந்தாகக் குறைந்தன. நேர்காணலில் பதற்றத்தில் இதைச் சொல்லவே மறந்துவிட்டேன்.

ஆட்சேர்ப்பு மேசை

அதுதான் உங்கள் மூன்றாவது மின்னஞ்சல். புதிதாகத் தொடங்காமல், முதல் நன்றிக் கடிதத்தின் தொடர்ச்சியாகவே அனுப்புங்கள்; அப்போதுதான் நீங்கள் யார், எந்தப் பதவி என்று அவர் தேட வேண்டியிராது. நான் இப்படி எழுதுவேன்:

"மதிப்பிற்குரிய அம்மா, கணக்கு அலுவலர் பதவிக்கான இரண்டாம் சுற்று நேர்காணலில் மாத இறுதிக் கணக்கு முடிப்பில் உள்ள தாமதம் குறித்துப் பேசினோம். முந்தைய பணியிடத்தில் வங்கிச் சரிகட்டும் பட்டியலை வாரந்தோறும் தயாரித்ததால் அந்த வேலையை ஒன்பது நாளிலிருந்து ஐந்து நாளாகக் குறைக்க முடிந்தது. அந்த நடைமுறையை ஒரு பக்கக் குறிப்பாக இணைத்துள்ளேன். இப்பதவிக்கான முடிவு எந்த வாரத்தில் எதிர்பார்க்கப்படுகிறது என்பதைத் தெரிவிக்க இயலுமா? வேறொருவரைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் ஒரு வரி எழுதினால் நன்றியுடன் ஏற்பேன்."

இணைப்பில் பழைய நிறுவனத்தின் உண்மையான எண்களோ பெயர்களோ இருக்கக் கூடாது. முறையை மட்டும் எழுதுங்கள்.

பட்டறைக்காரர்

கடைசி வரி எனக்குப் பிடிக்கவில்லை. நாமே முன்வந்து "வேறொருவரை எடுத்திருந்தாலும்" என்று எழுதுவது, மறுப்பதற்கு அவர்களுக்குப் பாய் விரித்துக் கொடுப்பது போல இருக்கிறது.

மழைத்துளி

எனக்கு அந்த வரிதான் மிகவும் தேவையானதாகப் படுகிறது. "இல்லை" என்று எழுதுவது பலருக்குக் கடினம். அதை எளிதாக்கினால் பதில் வரும். மூன்று வாரம் தொங்கிக்கொண்டிருப்பதைவிட இன்றைக்கே ஒரு மறுப்பு வந்தால் நாளைக் காலையில் வேறு இடத்துக்கு முழு மனதோடு விண்ணப்பிக்கலாம்.

ஆட்சேர்ப்பு மேசை

பட்டறைக்காரர் ஐயாவின் தயக்கம் எனக்குப் புரிகிறது. என் மேசைக்கு வந்த கடிதங்களில் அப்படி ஒரு வரி இருந்தவற்றுக்கு நான் விரைவாகப் பதில் எழுதியிருக்கிறேன் என்பதை மட்டும் சொல்வேன். அந்த வரியால் யாருடைய வாய்ப்பும் குறைந்ததில்லை. முடிவு புதுநடையுடையது.

புதுநடைக்கு இன்னொன்று. இந்த நிலைமையே வராமல் தடுக்கும் கேள்வியை நேர்காணல் அறையிலிருந்து எழும் முன்பே கேட்டிருக்கலாம். "முடிவை எந்தத் தேதிக்குள் எதிர்பார்க்கலாம்? அந்தத் தேதி கடந்தால் யாரைத் தொடர்புகொள்வது?" என்று கேளுங்கள். இதைக் கேட்பவரை யாரும் அவசரக்காரர் என்று நினைக்க மாட்டார்கள். தேதியும் பெயரும் கையில் இருந்தால், அதன் பிறகு நீங்கள் எழுதும் ஒவ்வொரு மின்னஞ்சலும் அவர்கள் கொடுத்த சொல்லை நினைவூட்டுவதாக அமையும். "விரைவில்" என்ற சொல்லோடு வீட்டுக்குப் போனால், எந்த நாள் கேட்டாலும் சீக்கிரம் கேட்டுவிட்டோமோ என்றுதான் தோன்றும்.

ஏட்டுச்சுவடி

ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளவும் பரிந்துரைப்பேன். நிறுவனம், பேசியவர், பேசிய நாள், அவர் சொன்ன தேதி, அடுத்து நான் தொடர்புகொள்ளும் நாள் என்று ஐந்து கட்டங்கள் போதும். அடுத்த நாள் எழுதப்பட்டுவிட்டால் அதுவரை அந்த நிறுவனத்தைப் பற்றிய கவலையை இறக்கி வைக்கலாம். அதே குறிப்பேட்டில் நெருங்கிய நண்பர்களைத் தாண்டி, எப்போதாவது பேசுகிற பழைய அறிமுகங்களின் பெயர்களையும் எழுதுங்கள். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து தொடங்கி, இத்தகைய தளர்ந்த உறவுகள் வழியாகவே புதிய வேலைச் செய்திகள் வருகின்றன என்பது பேசப்பட்டு வருகிறது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். சற்றே தள்ளி இருப்பவருக்குத்தான் நாம் அறியாத இடம் தெரிந்திருக்கும்.

புதுநடை (பன்னிரண்டு நாள் கழித்து)

நடந்ததைச் சொல்ல வந்தேன். கடைசி வரியையும் சேர்த்தே அனுப்பினேன். நான்காம் வேலை நாள் பதில் வந்தது. அடுத்த காலாண்டு வரை அந்தப் பதவிக்கு ஆள் எடுப்பது நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதாகவும், இணைத்திருந்த குறிப்பைப் பிரிவுத் தலைவரிடம் கொடுத்திருப்பதாகவும், பதவி மீண்டும் திறந்தால் அழைப்பதாகவும் எழுதியிருந்தார்கள். நான் அப்பா சொன்னபடி நேரில் போய் உட்கார்ந்திருந்தாலும் இதே பதில்தான் கிடைத்திருக்கும். குறிப்பேட்டில் அந்த நிறுவனத்துக்கு நேராக அடுத்த காலாண்டின் முதல் வாரத்தைக் குறித்துவிட்டு மூடிவிட்டேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

இடையில், முன்பு எங்கள் கணக்குகளைத் தணிக்கை செய்ய வந்தவர்களில் ஒருவருக்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு எழுதினேன். அவர் சொன்ன இடத்தில் நேற்று முதல் சுற்று நேர்காணல் முடிந்தது. எழுந்திருக்கும் முன் தேதியைக் கேட்டேன். கேட்கும்போது குரல் சற்றுத் தடுமாறியது. நேர்காணல் எடுத்தவர் நாட்காட்டியைப் பார்த்து, "6-ஆம் தேதிக்குள் சொல்லிவிடுகிறோம், தவறினால் எனக்கே எழுதுங்கள்" என்று தம் மின்னஞ்சல் முகவரியைத் தாளில் எழுதிக் கொடுத்தார். நன்றிக் கடிதம் இன்று காலை போய்விட்டது. 6-ஆம் தேதி கடந்து இரண்டு வேலை நாள் வரை அவருக்கு எழுத மாட்டேன். அதற்குள் இந்த வாரம் வேறு நான்கு இடங்களுக்கு விண்ணப்பிக்க வேண்டும், இரண்டு முடிந்துவிட்டன.